வீட்டுக் கணிப்பொறியும் மூன்றாவது கம்பியும்

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில், மேற்கு மலையைப் பார்த்த சன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது. மேசைமேல் ஒரு கணிப்பொறி. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகள் நான்கைந்து பேர் அதைப் பார்க்க வருவார்கள். முதன்முறை வருகிறவர்களின் முகம் சற்றே வாடும். கண்ணாடிப் பக்கம் வைத்து, உள்ளே வானவில் நிறங்களில் விளக்குகள் ஓடும் பெட்டிகளைப் படங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். என்னுடையதோ சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பத்தாண்டு உழைத்து ஓய்வு பெற்ற கறுப்புப் பெட்டி. ரிச்சித் தெருவில் வாங்கிப் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். "இவ்வளவுதானா சார்?" என்று ஒரு பையன் கேட்டே விட்டான். இவ்வளவுதான், ஆனால் இதில் காட்டுவதற்கு நிறைய உண்டு.

சென்ற கோடையில் ஒரு ஞாயிறு, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். அவளுடைய அண்ணன் முதல் சம்பளத்தில் இதேபோன்ற பழைய பெட்டி ஒன்றை வாங்கித் தங்கைக்காக வீட்டில் அமைத்துக் கொடுத்திருந்தான். அவள் என் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் இரும்பு விளிம்பைத் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்தாள்.

"சார், எங்க வீட்டுப் பெட்டியைத் தொட்டாச் சுள்ளுங்குது. வெறுங்காலோட நின்னாத்தான். செருப்புப் போட்டிருந்தா ஒண்ணும் தெரியல. அதுல என்னமோ இருக்குன்னு அப்பத்தா பக்கத்துலயே வர மாட்டேங்குது. பெட்டி கெட்டுப்போச்சா சார்?"

வெறுங்கால், செருப்பு என்று அவள் பிரித்துச் சொன்னாள் பாருங்கள், அங்கேயே பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதியைக் காண, மின்சாரம் அந்தப் பெட்டிக்குள் போய் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குமுன் ஒரு சிறு விலகல். வீட்டில் கணிப்பொறி வைப்பது புதிய ஆசையன்று. 1982இல் பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விசைப்பலகைக்குள்ளேயே முழுப் பொறியும் அடங்கியிருக்கும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான் அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் கேசட் ரிக்கார்டர்தான் நிரல்களைச் சேமிக்கும் கிடங்கு. நம் நாட்டில் 1984-85 கல்வியாண்டில் 'கிளாஸ்' என்ற திட்டத்தின்கீழ்ச் சில நூறு பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டு கழித்து நான் படித்த காலத்தில்கூட, கணிப்பொறி அறை கோயில் கருவறை மாதிரிதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வரிசையில் நின்று உள்ளே போவோம். பொறிக்குத் துணி போர்த்தியிருப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை, மூன்று பேருக்கு ஒரு பொறி. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய பிறகுதான், எங்கள் பக்கத்துத் தோட்டவேலை செய்வோர் வீடுகளிலும் நூற்பாலைத் தொழிலாளர் வீடுகளிலும் முதல் கணிப்பொறி நுழைந்தது.

மடிக்கணினிக்கு ஒரு வசதி உண்டு. மின்சார வேலையெல்லாம் அதன் மின்னூட்டிக்குள் முடிந்துவிடும். உள்ளே போவது 19 வோல்ட் அளவிலான நேர்மின்சாரந்தான். மேசைக் கணிப்பொறி அப்படியன்று. 230 வோல்ட் நேராகப் பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஆகவே அதை வீட்டில் அமைப்பவர்கள் கொஞ்சம் இயற்பியலும் தெரிந்து அமைக்க வேண்டும்.

மீட்டரைக் கேட்டால் சொல்லும்

பெட்டி எவ்வளவு மின்சாரம் தின்கிறது? கடைக்காரரைக் கேட்டால் "450 வாட்" என்பார். அது மின்வழங்கிப் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் உச்ச அளவு. உண்மையில் எடுத்துக்கொள்வது அதைவிட மிகக் குறைவு. நீங்களே அளந்து பார்க்கலாம்.

வீட்டு மின்மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது அருகிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் அது 3200. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் வீதம் ஒரு மணி நேரம், அதாவது 36 லட்சம் ஜூல். அதை 3200ஆல் வகுத்தால் 1125. ஆக, ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். விசிறி, விளக்கு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கணிப்பொறியை மட்டும் ஓட விடுங்கள். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி? சும்மா எழுதிக்கொண்டிருக்கும்போது என் பெட்டிக்கும் திரைக்கும் சேர்த்து 15 விநாடி ஆயிற்று. 1125ஐ 15ஆல் வகுக்க, 75 வாட். கனமான கணக்கு ஒன்றைக் கொடுத்தவுடன் இடைவெளி 9 விநாடியாகக் குறைந்தது: 125 வாட். கணிப்பொறி 'யோசிக்கும்போது' கூடுதலாகத் தின்கிறது என்பதை மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு மீட்டரில் பார்க்கலாம். வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒருவன் மேலே நிரலை ஓட்டுவான். மற்றவர்கள் கீழே விநாடியை எண்ணிக் கத்துவார்கள்.

நாளொன்றுக்கு 4 மணி நேரம், சராசரி 100 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். வீட்டுக்கு அது பெரும் பாரமன்று. இன்னொரு விதமாகவும் நினைத்துப் பாருங்கள். கூடலூர் பக்கம் லோயர் கேம்பில், பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாய் வழியே இறங்கி மின்சாரம் தருவதை நீங்கள் அறிவீர்கள். 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் விழுவதாகக் கொண்டால் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2940 ஜூல். இழப்புகளை விட்டுவிட்டால், 120 வாட் கணிப்பொறிக்கு 24 விநாடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் மலையிறங்க வேண்டும். நீங்கள் ஒரு மணி நேரம் விளையாடினால் 147 லிட்டர்!

சுள்ளென்பது எங்கிருந்து?

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பெட்டிக்குள்ளே மூலையில் ஒரு தகரப் பெட்டி உண்டு, எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது. (230 என்பது சராசரிவகை மதிப்பு, அலையின் உச்சி அதைப்போல 1.41 மடங்கு.) பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு மின்மாற்றிக்குள் அனுப்புகிறது. அதிர்வெண் கூடக்கூட மின்மாற்றி சிறிதாக இருந்தால் போதும். பழைய வானொலிப் பெட்டியின் கனத்த மின்மாற்றியையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவில் 12, 5, 3.3 வோல்ட்டுகள் கிடைக்கின்றன.

இப்படி வேகமாக வெட்டுவதில் ஒரு தொல்லை. மின்னிரைச்சல் கிளம்பி வீட்டுக் கம்பிகளில் பரவி, வானொலியைக் கரகரக்க வைக்கும். அந்த இரைச்சலை வடிப்பதற்காக, உள்ளே வரும் இரண்டு கம்பிகளிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கியை இணைத்திருப்பார்கள். பெட்டி எர்த் கம்பியோடு சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யும் ஏற்பாடு இது. இரைச்சல் மின்தேக்கி வழியே பெட்டிக்கு வந்து, அங்கிருந்து மண்ணுக்குப் போய்விடும்.

எர்த் கம்பி இல்லாவிட்டால்? உயிர்க்கம்பியில் 230 வோல்ட். நடுநிலைக் கம்பியில் ஏறத்தாழச் சுழி. இரண்டுக்கும் நடுவே இரண்டு சம மின்தேக்கிகள் தொடராக நிற்கின்றன. அவை சேரும் இடந்தான் உங்கள் இரும்புப் பெட்டி. ஆகையால் பெட்டியின் மின்னழுத்தம் 230இல் பாதி, 115 வோல்ட்! கெட்டுப்போகாத, புத்தம்புதிய பெட்டியிலும் இப்படித்தான்.

115 வோல்ட் என்றதும் பயப்பட வேண்டா. எவ்வளவு மின்னோட்டம் வரும் என்று கணக்கிடுவோம். மின்தேக்கியின் மதிப்பு 4.7 நானோஃபாரட் என்று கொள்வோம். 50 ஹெர்ட்சில் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய 6.8 லட்சம் ஓம். வெறுங்காலோடு நின்று பெட்டியைத் தொட்டால், உயிர்க்கம்பி, மின்தேக்கி, பெட்டி, உங்கள் விரல், கால், தரை என்று ஒரு சுற்று முடிகிறது. 230ஐ 6.8 லட்சத்தால் வகுக்க 0.34 மில்லியாம்பியர். உங்கள் உடலின் சில ஆயிரம் ஓம் இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே அன்று. 50 ஹெர்ட்சு மின்சாரம் அரை மில்லியாம்பியர் அளவிலேயே பலருக்குத் தெரியத் தொடங்கும். பெட்டியோடு திரையும் அச்சுப்பொறியும் கம்பிகளால் பிணைந்திருந்தால் மூன்றின் கசிவும் கூடி ஒரு மில்லியாம்பியரை நெருங்கும். நுனிவிரல் பட்டும் படாமலும் தொட்டால் சுள்ளென்னும். செருப்பு போட்டால் சுற்று அறுந்துவிடுகிறது. அப்பத்தா சொன்ன 'என்னமோ' இதுதான்.

ஆகவே, "பெட்டி கெடவில்லை, உங்கள் வீட்டில் எர்த் இல்லை" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "அப்ப ஆபத்து இல்லைல்ல சார்?" என்றாள். நான் சிரிக்கவில்லை. இந்தச் சுள்ளென்பது தீங்கற்றது. ஆனால் அது ஒரு செய்தியைச் சொல்கிறது. நாளை பெட்டிக்குள் ஓர் உயிர்க்கம்பியின் மேலுறை தேய்ந்தோ எலி கடித்தோ இரும்பைத் தொட்டுவிட்டால், இடையில் 6.8 லட்சம் ஓம் இருக்காது. 230 வோல்ட், உடலின் தடை 2000 ஓம் என்றால் 115 மில்லியாம்பியர். இதயத்தை நிறுத்த அது போதும். ஈரக்காலோடு வரும் பாட்டிக்கு உடலின் தடை இன்னும் குறையும்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். சுவரில் மூன்று துளைப் பலகை அழகாக இருந்தது. பின்னால் வந்தவை இரண்டே கம்பிகள். மூன்றாவது துளை வெறும் அலங்காரம். இப்படி எத்தனை வீடுகள்! பிளக்கின் மூன்று முள்ளில் மேல்முள் மட்டும் ஏன் நீளம் என்று யோசித்திருக்கிறீர்களா? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். தடிமனாக இருப்பதோ, தவறிப்போய் உயிர்த்துளைக்குள் அது நுழையாதிருக்க. இத்தனை கருத்தோடு செய்த முள்ளை, இரண்டு துளைப் பலகையில் பொருந்தவில்லை என்று வெட்டியெறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபம் வரத்தான் செய்கிறது.

செம்மண்ணும் உப்பும்

எர்த் கம்பி போட்டுவிட்டால் போதுமா? அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கம்பி வீட்டோரம் ஒரு குழியில் புதைத்த இரும்புக் குழாயோடு சேர்கிறது. குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் நிரப்புவார்கள். காய்ந்த மண் மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு கரைந்த ஈரமண்ணில் அயனிகள் நகர்வதால் கடத்தும். எங்கள் பக்கத்துச் செம்மண் சித்திரை வைகாசியில் பாறை போல் இறுகிக் கிடக்கும். அப்போது எர்த் குழியின் தடை பல மடங்கு ஏறிவிடும். அந்தக் காலத்து வயர்மேன்கள் கோடையில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அது சடங்கன்று, இயற்பியல்.

கணக்குப் போடுங்கள். பாதை முழுவதற்கும் தடை 5 ஓம் என்றால், உயிர்க்கம்பி பெட்டியைத் தொட்டவுடன் 230ஐ 5ஆல் வகுக்க 46 ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் ஃபியூஸ் உடனே உருகும், காப்பாற்றப்படுவோம். குழி காய்ந்து தடை 50 ஓம் ஆகிவிட்டால்? 4.6 ஆம்பியர்தான். ஃபியூஸ் உருகாது! பெட்டியோ கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையே இங்கே எமனாகிவிடும்.

இதற்கு மருந்து ஆர்.சி.சி.பி. என்ற சிறு கருவி. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே காந்த வளையத்துக்குள் செல்லும். போனதெல்லாம் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வழியில் கொஞ்சம் மண்ணுக்குக் கசிந்துவிட்டால் மிச்சப் புலம் ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டி, சுவிட்சைத் தட்டிவிடும். 30 மில்லியாம்பியர் வித்தியாசமே போதும்; கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஃபியூஸ் காப்பது கம்பியை. இது காப்பது ஆளை. வண்ண விளக்குகளுக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் முதலில் இதை வாங்கச் சொல்வேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கணக்கு நீங்கள் போடுங்கள். கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். தகரப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் 325 வோல்ட் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். 330 மைக்ரோஃபாரட் மின்தேக்கி என்றால் அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 17 ஜூல்.

அந்த 17 ஜூல் ஒரு நன்மையும் செய்கிறது. மின்சாரம் போனவுடன் யு.பி.எஸ். விழித்துக்கொள்ளச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கணிப்பொறி உயிரோடிருப்பது மின்தேக்கியின் சேமிப்பால்தான். யு.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. அதனுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம்: 84 வாட்-மணி. 120 வாட்டுக்கு 42 நிமிடம் வரும் என்று காகிதக் கணக்கு சொல்லும். நம்பாதீர்கள். 7 என்ற அளவு 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 10 ஆம்பியராக உறிஞ்சினால் பாதிகூடக் கிடைக்காது. எழுதியதைச் சேமித்துவிட்டு முறையாக நிறுத்த அது போதும். 2012இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது யு.பி.எஸ். பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஐப்பசி மழையில் மலைமேல் இடி கேட்டால் யு.பி.எஸ்.ஸை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

மேசை, நாற்காலி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில். வெப்பத்தைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு: 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 65 வாட் நுண்செயலியின் சிலிக்கன் சில்லு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 43 வாட். இஸ்திரிப் பெட்டியைவிட எட்டு மடங்கு! அதன் விசிறியில் பஞ்சும் தூசியும் அடையாமல் பார்த்துக்கொள்வது ஏன் என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து அந்த மாணவி மறுபடி வந்தாள். துணி துவைக்கும் கல்லோரம், எப்போதும் ஈரமிருக்கும் இடத்தில் எர்த் குழி வெட்டியிருந்தார்கள். ஆர்.சி.சி.பி.யும் வந்துவிட்டது. வெறுங்காலோடு தொட்டுப் பார்த்தாளாம், ஒன்றுமில்லையாம். அப்பத்தா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறாராம். அவருக்குக் காட்ட ஊர்ப்பெயரைத் தமிழில் பெரிதாக அடித்திருக்கிறாள்: அல்லிநகரம். நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாதலால் பத்துக் குறி. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. மொத்தம் 30 பைட்டு. 48 கிலோபைட் நினைவகம் கொண்ட அந்தப் பழைய ஸ்பெக்ட்ரத்தில் வேறெதுவுமே வைக்காமல் இதை மட்டும் நிரப்பினால் 1638 முறை எழுதலாம் என்று இருவரும் சேர்ந்து கணக்கிட்டோம்.

எழுந்து போகும்போது அடுத்த கேள்வியைப் போட்டாள்: "சார், அண்ணனோட போன் இரும்பு உடம்பு. சார்ஜ் போட்டுக்கிட்டே தடவினா இலேசா நறநறங்குது. அந்தச் சார்ஜருக்கு ரெண்டு முள்ளுதானே, எர்த்தே கிடையாதே?"

சரியான கேள்வி. அதற்குள்ளும் இரைச்சல் வடிக்க ஒரு மின்தேக்கி உண்டு. ஆனால் அது 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் நேரே இணைக்கிறது. எர்த்துக்கு இடமில்லாத கருவிகளில் உள்ளே இரட்டை மேலுறை போட்டிருப்பார்கள். அதன் அடையாளமாகச் சார்ஜரின் முதுகில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருக்கும். இன்றிரவு உங்கள் வீட்டுச் சார்ஜரை எடுத்துத் தேடிப் பாருங்கள். அந்த மின்தேக்கி ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டு, 230 வோல்ட்டில் 50 ஹெர்ட்சில் எவ்வளவு கசியும் என்பதையும் கணக்கிடுங்கள். 0.07 மில்லியாம்பியர் வந்தால் சரி.